கக்கூஸ் கூரைப் பாசி

கிருஷ்ணகுமாரி வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டாள் என்பது மல்கந்தைத் தோட்டம் முழுவதும் தெரிந்த விஷயம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்து மணி அடித்தாலும் இன்னொரு தரம் புரண்டு படுக்கிற சோம்பேறிகள்கூட அவள் குரல் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தெரணியகலையிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில், கீழே ரப்பரும் மேலே தேயிலையுமாகக் கிடக்கிற தோட்டம் அது. அங்கே பிள்ளைக்காம்பரா ஆயா அவள்தான். தாய்மார் பால்வெட்டுக்கும் கொழுந்துக்கும் போகுமுன் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகிற குழந்தைகளுக்கெல்லாம் மூக்கைத் துடைத்து, பால் கரைத்துக் கொடுத்து, தூங்கவைத்து, வேலை விட்டதும் அவரவர் பிள்ளையை அவரவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் அவளுடைய சொந்த மகளும் ஒருத்தி. பெயர் தர்மிளா, நாலு வயது ஆகப்போகிறது. ஒரு வருஷத்துக்கு முன்புவரை தாய்க்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை என்றுதான் லயத்து வரிசை வீடுகளில் சொன்னார்கள். கங்காணியைப் பார்த்தே "போடா" என்று சொன்ன பிள்ளை. இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டு படுக்கிறது. தெரிந்திருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தொலைத்துக்கொண்டு வருகிறது. முதலில் கங்காணி போனார், பிறகு பூனை போனது, இப்போது "அம்மா", "தண்ணி" என்ற இரண்டோடு நிற்கிறது. பூசாரி காத்துக் கருப்பு என்று சொல்லிக் கயிறு மந்திரித்துக் கட்டினார். தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பூச்சி போனது, பேச்சு வரவில்லை.

கிருஷ்ணகுமாரிக்குச் சந்தேகமெல்லாம் புகைக்கூட்டின் மேல்தான். ரப்பர் சீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்க வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது அது. வெகு காலம் வௌவாலுக்குக் குடியிருப்பாகக் கிடந்ததை அழகமுத்துத் தலைவர் குத்தகைக்கு எடுத்து, பழைய லொறி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கத் தொடங்கியிருந்தார். அழகமுத்து சாதாரண ஆள் இல்லை. தொழிற்சங்கத்துக்குத் தலைவர், கோயில் கமிட்டிக்குத் தலைவர், மரண உதவிச் சங்கத்துக்கும் தலைவர். அவருக்குத் தெரியாமல் தோட்டத்தில் ஒருவரும் சாகக்கூட முடியாது. புகை பிள்ளைக்காம்பரா பக்கம் வருகிறது என்று அவள் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"ஏம்மா குமாரி, அந்தக் காலத்துலயும் அந்தக் கூட்டுலருந்து பொக வந்துச்சுதானே? ஒங்கம்மா அந்தப் பொகையிலதானே ஒன்னப் பெத்து வளத்தா? ஒனக்கு என்னா கொறச்சல்? வாய் ஒண்ணுதான் கூடுதலா இருக்கு."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளால் பதிலுக்கு ஒன்றும் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய புருஷன் சுமன் அந்தப் புகைக்கூட்டு ஈயக் கொட்டாயில்தான் வேலை செய்தான். மழை பெய்தால் ரப்பர் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. அந்தப் பக்கத்திலோ மழை பெய்யாத நாளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே மழை நாளெல்லாம் அவன் ஈயம் உருக்கப் போனான். வாயால் ஊரை ஆளுகிறவளுக்கு வீட்டுக்குள்ளேயே இப்படியொரு பூட்டு.

இப்படி இருக்கும்போதுதான் சிவம் வந்து சேர்ந்தார்.

அது 2003ஆம் ஆண்டு. சமாதானம் சமாதானம் என்று ரேடியோவில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். சமாதானம் தெரணியகலை பஸ் ஸ்டாண்டுவரை இன்னும் முழுசாக வந்து சேரவில்லை போலிருக்கிறது. அங்கே நின்ற பொலிஸ்காரர் ஒருவர், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவரின் பையைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். பைக்குள் காய்ந்த பாசி, நைலோன் வலை, ஒரு சுருள் கம்பி. யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருவன் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதற்கு நல்ல காரணம் எதுவும் பொலிஸ்காரருக்குத் தோன்றவில்லை. அந்த மனிதரோ இலக்கணச் சுத்தமான சிங்களத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, வினைச்சொல்லைத் தேடிக்கொண்டு வியர்த்து நின்றார். சாமான் வாங்க வந்திருந்த கிருஷ்ணகுமாரிக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"மஹத்தயா, மே பாசி. கன்னத் பே, புபுரன்னெத் நே," என்றாள். ஐயா, இது பாசி, தின்னவும் முடியாது, வெடிக்கவும் செய்யாது. பொலிஸ்காரர் சிரித்துவிட்டு பையை மூடிக் கொடுத்தார்.

"பெரிய உதவி தங்கச்சி," என்றார் அந்த மனிதர். "நான் சிவம். கண்டிப் பக்கம் யூனிவேர்சிட்டியிலை ஆராய்ச்சி செய்யிறன். மல்கந்தைத் தோட்டத்துக்கு எந்த பஸ் போகும்?"

"எங்க தோட்டம்தான் சார். அங்க இல்லாத பாசியா? எதுக்கு வெளியிலருந்து சொமந்துக்கிட்டு வாறீங்க?"

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சிவம் விளக்கினார். நல்ல காற்றுள்ள காட்டிலிருந்து பாசி எடுத்து, கழுவிக் காயவைத்து, வலையில் கட்டித் தோட்டத்தில் அங்கங்கே தொங்கவிடுவார். சில வாரம் கழித்து எடுத்துக்கொண்டு போய் ஆய்வுகூடத்தில் பார்த்தால், எந்த இடத்துக் காற்றில் எவ்வளவு ஈயம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

"பாசிக்கு வேர் இல்லை தங்கச்சி. மண்ணிலை இருந்து ஒண்டும் எடுக்காது. காத்திலையும் மழையிலையும் என்ன வருதோ அதுதான் அதுக்குச் சாப்பாடு. மேலை விழுந்ததைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும், விடாது."

"எங்க மாமியா மாதிரி," என்றாள் கிருஷ்ணகுமாரி. "காதுல விழுந்தத விடவே விடாது."

ஆனால் ஈயம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே அவள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பஸ் மேலே ஏறுவதற்குள் அவள் தர்மிளாவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துக் கேட்டார். சின்னப் பிள்ளைகளின் உடம்பில் ஈயம் சேர்ந்தால் அப்படி வரக்கூடும் என்றார். ஆனால் சந்தேகத்தை வைத்து ஒருவரையும் அசைக்க முடியாது, ஆதாரம் வேண்டும் என்றும் சொன்னார். பாசிப் பைகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். புருஷன் வேலை செய்கிற இடத்தை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

பைகள் தொங்கின. புகைக்கூட்டுக்கு எதிரே மாமரத்தில் ஒன்று, பிள்ளைக்காம்பரா இறவாரத்தில் ஒன்று, லயத்துக்கு ஒன்றாகச் சில, கடைசியாக மலை உச்சியில் தேயிலை ஃபெக்டரிக்கு அப்பால் ஒன்று. சுத்தமான காற்று எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த உச்சிப் பை மிகவும் முக்கியம் என்றார் சிவம். "ஒருத்தரும் தொடாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

அவளும் பார்த்துக்கொண்டாள். உண்டிவில்லோடு வந்த பையன்களை ஓட ஓட விரட்டினாள். கூடு கட்ட நார் தேடி வந்த காக்கையைக் கல்லால் அடித்தாள். அழகமுத்து ஒருநாள் வான் வண்டியை நிறுத்தி, பையை அண்ணாந்து பார்த்து, "என்னாம்மா இது, குருவிக்கூடா?" என்று கேட்டபோது, "ஆமாங்க தலைவரே, முட்ட போட்டதும் சொல்றேன்" என்றாள்.

புரட்டாசியில் சரஸ்வதி பூஜை வந்தது.

ஆயுத பூஜை அன்று தோட்டத்தில் பொட்டு வாங்காத சாமான் கிடையாது. ரப்பர் வெட்டுகிற கத்தி, பால் வாளி, கொழுந்துத் தராசு, ஃபெக்டரி மெஷின், தொரையின் ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. சம்பள நாளில் எல்லோரும் திட்டுகிற கல்குலேட்டருக்கும் கிளார்க் ஒரு பொட்டு வைத்துவிடுவார். வேலை செய்கிற சாமானுக்கு அன்றைக்கு மரியாதை செய்யாவிட்டால் அடுத்த வருஷம் அது நம்மை மதிக்காது. பாசிப் பையும் வேலை செய்கிற சாமான்தானே? மழையிலும் வெயிலிலும் தொங்கிக்கொண்டு அதைப்போல வேலை பார்த்தவர்கள் அந்தத் தோட்டத்தில் எத்தனை பேர்?

கிருஷ்ணகுமாரி குளித்து, மஞ்சள் சேலை கட்டி, கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலத்தோடு புறப்பட்டாள். ஒருத்தரும் தொடக்கூடாது என்று சிவம் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அவர் சொன்னது கண்டவன் தொடுவதைப் பற்றி. பக்தியோடு பொட்டு வைப்பது எந்த ஊரில் தொடுவதாகும்? பை பையாகப் போய், "எம்மவளக் காப்பாத்திக் குடு தாயே" என்று வேண்டிக்கொண்டு நெஞ்சுருகப் பொட்டு வைத்தாள். மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் விண்விண்ணென்று வலித்தது. பொட்டலத்தில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. முக்கியமான பை என்று சார் சொன்னாரே என்று மிச்சம் அத்தனையையும் அதன் தலையில் கொட்டினாள்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பிறகு அடுத்தடுத்து மழை. சிவம் பைகளை எடுக்க வந்தபோது பொட்டெல்லாம் கரைந்து பாசிக்குள் இறங்கிப்போயிருந்தது. அவர் கண்ணுக்கு எதுவும் படவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டதற்காக அவளுக்கு ஒரு டின் பால்மா வாங்கி வந்திருந்தார், பாவம்.

கார்த்திகை விளக்கீடு கழிந்து அவர் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது. பிள்ளைக்காம்பரா வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"ஒண்டும் விளங்கேல்லை தங்கச்சி. எல்லாப் பையிலையும் ஈயம் இருக்கு. அது பறவாயில்லை. ஆனா எல்லாத்திலையும் கூட இருக்கிறது மலை உச்சியிலை கட்டினதிலை! அங்கை புகையும் இல்லை, ரோட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்னண்டு வந்தது?"

கிருஷ்ணகுமாரி மெல்ல அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார்... குங்குமத்துல ஈயம் இருக்குமா?"

"மலிவாச் செய்யிற சிலதிலை சிவப்பு ஈயம் கலப்பாங்கள். ஏன்?"

"ஆயுத பூசைக்கு ஒரு பொட்டு வச்சேன்."

சிவம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பைக்கு?"

"ஒண்ணுக்கு வச்சுட்டு ஒண்ணுக்கு வைக்காம விட முடியுமா சார்? சாமி குத்தம் ஆயிராது?"

சிவம் எழுந்து போய் வடிகால் கானோரத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து பார்க்கத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கிருஷ்ணகுமாரி உண்மையாகவே அழுதாள். மகளைக் காப்பாற்ற வந்த ஒரே வழியையும் தன் கையாலேயே, அதுவும் குளித்து முழுகி மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு போய்க் கெடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து சிவம் திரும்பி வந்தார். மனிதர் கோபப்படவில்லை என்பதை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

"இனிப் பை கட்டிச் சரிவராது. இஞ்சையே தானா முளைச்சு வளந்த பாசி வேணும். புகைக்கூட்டுக்குக் கிட்டவும் வேணும், தூரவும் வேணும். மனுசர் ஒருத்தரும் குங்குமம், சந்தனம், எண்ணெய் எண்டு ஒண்டும் பூசாத இடமா இருக்கோணும். அப்பிடி ஒரு இடம் உங்கட தோட்டத்திலை இருக்கோ?"

கிருஷ்ணகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். நிலைப்படிக்குப் பொட்டு உண்டு. தண்ணீர்ப் பீலிக்கு உண்டு. மாடசாமி கல்லுக்கு எண்ணெய், மரத்தடிச் சூலத்துக்கு மஞ்சள், மாட்டுக் கொட்டகைக்குச் சந்தனம். இந்தத் தோட்டத்தில் சாமி இல்லாத இடம் என்று ஒன்று வேண்டுமே! திடீரென்று அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள்.

"ஒரு எடம் இருக்கு சார். எவ்வளவு பெரிய பக்தனா இருந்தாலும் அங்க மட்டும் பொட்டு வைக்க மாட்டான்."

"எங்கை?"

"கக்கூஸு."

லயத்துக்கு லயம் ஒரு வரிசைக் கக்கூஸ், எல்லாம் ஒரே காலத்தில் கட்டியவை. அவற்றின் சீமெந்துக் கூரைகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பாசி. புகைக்கூட்டுக்குப் பக்கத்து லயத்திலிருந்து மலை உச்சி லயம்வரை வரிசையாக ஆராய்ச்சிக்கென்றே கட்டிவைத்தது போல இருந்தன. சிவம் கையுறை போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். கிருஷ்ணகுமாரி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கீழ்ப்பக்கத்துப் பணிய லயத்துக் கக்கூஸில் ஏறும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருடா அது மேல?" அது வேலுசாமி, பழைய கங்காணி.

"யூனிவேசிட்டி சார், மாமா. ஆராய்ச்சி பண்றாரு."

"என்னைய ஆராய்ச்சி பண்ண என்னாடி இருக்கு? நான் வெளிய வந்தப்புறம் பண்ணச் சொல்லு!"

"நீங்க ஒங்க வேலயப் பாருங்க மாமா, அவரு அவரு வேலயப் பாக்கட்டும்."

அன்று சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து படித்த மனிதர் ஒருவர் வந்து கக்கூஸ் கூரையைச் சுரண்டி டப்பாவில் போட்டுக்கொண்டு போகிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கிருஷ்ணகுமாரியின் லயத்துக் கக்கூஸுக்கு மட்டும் கூரை தகரம், பாசி இல்லை. அதற்குப் பதிலாக அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்கட்டுச் சுவரில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். கோயில் குங்குமத்திலும் ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டார்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவோடு வந்தார். இந்தத் தடவை விஷயம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. புகைக்கூட்டுக்குப் பக்கத்துக் கக்கூஸில் ஈயம் மிக அதிகம், அடுத்ததில் அதைவிடக் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு, உச்சியில் இல்லாத மாதிரி. கோயில் குங்குமத்திலும் ஈயம் இருந்தது. அந்த மூட்டையைக் கோயிலுக்கு உபயம் செய்தவர் அழகமுத்து. மலிவாகக் கிடைத்தது போலும்.

"அப்ப முடிஞ்சுதே சார்! இனி அந்தாளு என்னா சொல்லுவாரு?" என்று கிருஷ்ணகுமாரி குதித்தாள். சிவம் குதிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு இடம் மட்டும் இந்த வரிசைக்கு வராது தங்கச்சி. உங்கட வீட்டுக் கல்கட்டு. நீங்கள் புகைக்கூட்டுக்குத் தூரத்திலை இருக்கிறியள். ஆனா அந்தப் பாசியிலை கிட்ட இருக்கிற லயத்தைவிடக் கூட இருக்கு. உங்கட வீட்டுக்காரர் எங்கை வேலை செய்யிறவர்?"

அவள் சொன்னாள். அவர் மெதுவாக அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அவரின்ரை உடுப்பை ஆர் தோய்க்கிறது?"

"நாந்தான். தோய்க்கிறதுக்கு முன்ன அந்தக் கல்கட்டு மேலதான் ஒதறுவேன். அவ்வளவு தூசி சார் அதுல. புள்ள பக்கத்துலதான் ஒக்காந்து வெளயாடிக்கிட்டு..."

மழைக் காலமெல்லாம், வேலை விட்டு வந்த புருஷனின் சட்டையை வாங்கி, நல்ல பெண்டாட்டியாகப் படீர் படீரென்று உதறியிருக்கிறாள். தூசியில் தர்மிளா கையைத் தட்டிக்கொண்டு சிரித்திருக்கிறது, சிரிக்கத் தெரிந்த காலத்தில். புகைக்கூட்டின் மேலேயே கண்ணாக இருந்தவள், தன் கையிலிருந்து பறந்ததைப் பார்க்கவில்லை. மகளுக்கு விஷத்தைத் தானே ஊட்டியிருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிவம், பிள்ளையைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, ஈயத்துக்கு இரத்தம் பார்க்கும்படி டாக்டருக்கு விளக்கமாக ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சுமனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. பிறகு நம்பினான். பிறகு வாசலில் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் மழை. மறுநாளும் கொட்டாய்க்குத்தான் போனான், வேறெங்கே போவான்? ஒன்று மட்டும் மாறியது. பீலியில் குளித்து உடுப்பு மாற்றாமல் அவன் வீட்டுப் படி ஏறக் கூடாது. அவனுடைய சட்டையை உதறாமல் அப்படியே தண்ணீரில் அமுக்கி, மூன்று தண்ணீரில் அலசித்தான் கொடியில் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அழகமுத்து வீட்டில் மாசித் திருவிழாக் கூட்டம். சிவம், எல்லோரும் இருக்கிற இடத்தில் சொல்வதுதான் நல்லது என்று நம்பி வந்தார். படித்தவர்களுக்கு இப்படியான நம்பிக்கைகள் உண்டு. புது சோபாவில் அழகமுத்து மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் கதிரைகளில். கொட்டாயில் வேலை செய்கிற சுமனும் மற்றவர்களும் வாசல் படியில். சிவம் படம் வரைந்து கொண்டுவந்த தாளை விரித்து, பாசிக்கு வேர் இல்லை என்பதிலிருந்து தொடங்கினார். அழகமுத்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சார் சொல்றது எனக்கு நல்லா வெளங்குது. கக்கூஸுல ஈயம் இருக்கு. அப்ப அங்க போறவன்கிட்டதானே கேக்கணும்? என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் குரலை உயர்த்தினார்.

"அதோட விட்டாரா? அம்மன் கோயில் குங்குமத்துலயும் வெசம்னு சொல்றாரு. நம்ம ஆத்தாளோட குங்குமத்துல! கேட்டுக்கிட்டு சும்மா இருக்கீங்களா?"

சிரிப்பு நின்று முணுமுணுப்பு எழுந்தது. பூசாரி எழுந்து நின்று கண்ணை உருட்டினார். சிவம் எதையோ விளக்க வாயெடுத்து, வழக்கம்போல வினைச்சொல்லைத் தேடினார். கிருஷ்ணகுமாரி வாசலிலிருந்து கத்தினாள்.

"அந்தத் தூசி புள்ளைங்களுக்கு ஆகாது தலைவரே! எம்மவள வந்து பாருங்க!"

"ஈயத்தூசி ஒண்ணும் செய்யாதும்மா. கூட்டுக்குப் பக்கத்துலயே நிக்கிறவன் நானு, எனக்கு என்னா வந்துச்சு? புருசன் சோறு தின்னுற எடத்துல மண்ணப் போடாத. ஊட்டுக்குப் போ."

உண்மையில் அவர் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றதே இல்லை. ரோட்டில் வான் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார். அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. கிருஷ்ணகுமாரி சுமனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி நடந்தாள். அவள் வாயை அடைத்துவிட்ட சந்தோஷத்தில் அழகமுத்து எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

தேத்தண்ணி வருவதற்குள் அவளே வந்துவிட்டாள். கையில் சுமனின் காக்கிச் சட்டை. நேராக உள்ளே போய் சோபாவுக்கு முன்னால் நின்றாள்.

"தலைவரே, ஈயத்தூசி ஒண்ணும் செய்யாதுன்னீங்கள்ல?"

"ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

"இது எங்கூட்டு ஆளு ஒங்க கொட்டாயில போட்டுக்கிட்டு நிக்கிற சட்ட."

இரண்டு தோளையும் பிடித்து, உதறுவதற்குக் கையை ஓங்கினாள். அழகமுத்து துள்ளி எழுந்தார். பேத்தியை நெஞ்சோடு அணைத்து, துண்டால் அதன் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு போய் ஒட்டினார்.

"ஏய், ஏய்! பைத்தியமா ஒனக்கு? புள்ள இருக்குது! அந்த வெசத்த இங்க ஒதறாத!"

துண்டுக்குள்ளிருந்து பேத்தி மட்டும் வீறிட்டது. தான் என்ன சொன்னோம் என்பது அழகமுத்துவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பூசாரி உட்கார்ந்துகொண்டார்.

"ஒங்க பேத்திக்கு வெசம்," என்றாள் கிருஷ்ணகுமாரி. கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "எம்மவளுக்கு மட்டும் என்னாங்க, பவுடரா?"

அவள் சட்டையை நான்காக மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. மூணு தண்ணியில தோச்சது. ஒங்க புள்ளைக்கு நான் செய்வேனா?"

வாசல் படியில் சுமன் எழுந்து நின்றான். அவன் கூட்டத்தில் பேசி ஒருவரும் கேட்டதில்லை. "நா நாளையிலருந்து வரல தலைவரே," என்றான். பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து படியிறங்கினார்கள். தேத்தண்ணி ஆறியது.

புகைக்கூடு மறுபடி வௌவாலுக்கே போனது. அழகமுத்து திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்தில் கொட்டாய் போட்டுவிட்டார். சிவமும் பின்னாலேயே பாசிப் பைகளோடு போய்விட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு பைக்குப் பக்கத்திலும், பொட்டு வைக்கக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டை தொங்கியதாம். கரவனெல்லவில் எடுத்த இரத்தத்தில் ஈயம் இருந்தது. மெதுவாகத்தான் இறங்கும், முழுசாகத் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்த "முழுசா" என்ற சொல்லை நினைக்கிற போதெல்லாம் கிருஷ்ணகுமாரிக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் தன் கையாலேயே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் குங்குமம் இடித்தாள். அதே மஞ்சள் சேலையைக் கட்டி, தர்மிளாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பணிய லயத்துப் பக்கம் போனாள். அவள் எங்கே போய் நிற்கிறாள் என்பதைப் பார்த்த பூசாரி பதறி ஓடிவந்தார்.

"ஏம்மா, கக்கூஸுக்கா பொட்டு? அடுக்குமா இது?"

"வேல செஞ்ச சாமானுக்குத்தானே சாமி பொட்டு வைக்கணும்? போன வருசம் இந்தத் தோட்டத்துல இத விட எவன் வேல செஞ்சான், சொல்லுங்க."

கதவின் நடுவில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். உள்ளேயிருந்து செருமல் சத்தம் கேட்டது, வேலுசாமி மாமாதான். தர்மிளா கதவைப் பார்த்தது, பூசாரியைப் பார்த்தது. அதன் வாய் கோணி, நாக்கு எதையோ தேடியது.

"போடா," என்றது பிள்ளை பூசாரியிடம்.

கிருஷ்ணகுமாரி அங்கேயே, கக்கூஸ் வாசலில், மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.